சந்தைக்கும் மலைக்கும் ஒரே பிக்கப்: டீசலா, சிஎன்ஜியா?

வாசகர் கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி ஏற்றும் தொழில் செய்கிறேன். வாரத்தில் நான்கைந்து நாள் அம்பிளிக்கை, கள்ளிமந்தயம் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் நின்று நின்று மூட்டை எடுத்து மார்க்கெட்டில் இறக்குவேன். ஒரு நாளைக்கு 60 கி.மீ. வரும். வாரம் இரண்டு முறை பழனி வழியாக மலையேறி, பூம்பாறைப் பக்கம் கேரட்டும் பூண்டும் ஏற்றி வருவேன். மேலே போகும்போது தீவனமோ உரமோ ஒரு டன் இருக்கும். இறங்கும்போது ஒன்றேகால் டன். இப்போது புதிய பிக்கப் எடுக்க வேண்டும். ஷோரூமில் "சிஎன்ஜி எடுங்கள், எரிபொருள் செலவு பாதி" என்கிறார்கள். மைத்துனர் டீசல்தான் என்று பிடிவாதம் பிடிக்கிறார். பிஎஸ்6 டீசலில் ஃபில்டர் அடைத்து வண்டி வழியில் நின்றுவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எதை எடுப்பது?

பதில்: டீசல் எடுங்கள். உங்கள் மைத்துனர் சொன்னது சரி. ஆனால் நண்பர்கள் சொல்லும் பயமும் வெறும் பேச்சல்ல. இரண்டுக்கும் காரணம் தெரிந்துகொண்டு வாங்கினால் பல வருடங்கள் நிம்மதியாக ஓட்டலாம்.

முதலில் அந்த "செலவு பாதி" கணக்கைப் பார்த்துவிடுவோம். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும்; உங்கள் பங்க்கில் உள்ள விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். கணக்குக்காக டீசல் லிட்டர் 93 ரூபாய், பெட்ரோல் 101 ரூபாய், சிஎன்ஜி எனப்படும் அழுத்திய இயற்கை எரிவாயு கிலோ 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாரம் ஏற்றிய பிக்கப் டீசலில் லிட்டருக்கு 13 கி.மீ., பெட்ரோலில் 10 கி.மீ., சிஎன்ஜியில் கிலோவுக்கு 16 கி.மீ. கொடுக்கிறது என்று எடுத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு டீசல் 7 ரூபாய் 15 காசு, பெட்ரோல் 10 ரூபாய் 10 காசு, சிஎன்ஜி 5 ரூபாய் 63 காசு. செலவு பாதி என்பது பெட்ரோலோடு ஒப்பிடும்போது கிட்டத்தட்ட உண்மை. டீசலோடு ஒப்பிட்டால் மிச்சம் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்தான். ஷோரூமில் எதோடு எதை ஒப்பிட்டுச் சொன்னார்கள் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

ஒன்றரை ரூபாய் சின்னத் தொகை அல்ல. நீங்கள் மாதம் சுமார் 2,800 கி.மீ. ஓட்டுவீர்கள், அதில் 4,200 ரூபாய் மிச்சம் வரும். சமவெளியில் மட்டும் ஓடும் வண்டியாக இருந்தால் நானே சிஎன்ஜி என்று சொல்லியிருப்பேன். உங்கள் மலைப் பயணம்தான் இந்தக் கணக்கை மாற்றுகிறது.

ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி, பெருமாள்மலை, கொடைக்கானல் தாண்டிப் பூம்பாறை போய்த் திரும்ப 220 கி.மீ.க்குக் குறையாது. சிலிண்டர் அளவு மாடலுக்கு மாடல் மாறும்; கணக்குக்காகப் பத்து, பன்னிரண்டு கிலோ கேஸ் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். மலையேற்றத்தில் கிலோவுக்கு 16 கிடைக்காது, 13 கிடைத்தாலே நல்லது. ஆக, 140, 150 கி.மீ.யில் கேஸ் தீர்ந்துவிடும். மேலே நிரப்பலாம் என்று நம்பிக் கிளம்பும் வேலை இது அல்ல. மீதி 70 கி.மீ. பெட்ரோலில்தான் ஓட வேண்டும். மாதம் எட்டு முறை மலையேறினால் 560 கி.மீ. பெட்ரோல் ஓட்டம், கிலோமீட்டருக்கு நாலரை ரூபாய் கூடுதல் செலவு. 2,500 ரூபாய் அங்கேயே போய்விட்டது. சில சிஎன்ஜி வண்டிகளில் அவசரத்துக்கு ஐந்து லிட்டர் பெட்ரோல் மட்டுமே பிடிக்கும். மாருதி சூப்பர் கேரி சிஎன்ஜி அப்படிப்பட்டது. அந்த வகையை எடுத்தால் வீடு வந்து சேர்வதே சந்தேகம்.

அடுத்தது சிலிண்டரின் எடை. சிஎன்ஜியை 200 பார் அழுத்தத்தில், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கில், அடைக்கிறார்கள். அதைத் தாங்கும் எஃகுச் சிலிண்டர் கனமாகத்தான் இருக்கும். அந்த எடை உங்கள் பாரத்திலிருந்துதான் கழியும். அதே சூப்பர் கேரியில் பெட்ரோல் வண்டி 740 கிலோ ஏற்றலாம், சிஎன்ஜி வண்டி 625 கிலோதான். பெரிய பிக்கப்பிலும் நூறு கிலோ குறையும் என்று வைத்து, கிலோவுக்கு இரண்டு ரூபாய் வாடகை போட்டால், எட்டு மலைப் பயணத்தில் 1,600 ரூபாய் வருமானம் குறைகிறது. மிச்சம் என்று தொடங்கிய 4,200 ரூபாயில் இப்போது கையில் நிற்பது நூறு ரூபாய். கேஸ் நிரப்ப வரிசையில் காத்திருக்கும் நேரத்தை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இந்தக் காத்திருப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்லா சிஎன்ஜி பங்க்கும் ஒன்றல்ல. குழாய் வழியாக கேஸ் வந்து அங்கேயே அழுத்தம் ஏற்றும் நிலையத்தில் சிலிண்டர் முழுதாக நிறையும். லாரியில் சிலிண்டர் அடுக்குகளைக் கொண்டுவந்து இறக்கி வைத்து நிரப்பும் நிலையங்களில், அடுக்கில் அழுத்தம் இறங்க இறங்க உங்கள் சிலிண்டரும் அரைகுறையாகத்தான் நிறையும். அடுத்த லாரி வரும்வரை சில இடங்களில் விற்பனையே நின்றுவிடும். சிஎன்ஜி வாங்க நினைக்கும் யாரும், தாங்கள் வழக்கமாக நிரப்பப்போகும் அதே நேரத்தில் அந்த பங்க்குக்குப் போய், மீட்டரில் எத்தனை பார் காட்டுகிறது என்று நின்று பார்த்துவிட்டு வர வேண்டும்.

இனி இழுவை. டீசல் இன்ஜின் காற்றை 16 முதல் 18 மடங்கு வரை அழுத்துகிறது. அந்த வெப்பத்திலேயே டீசல் பற்றிக்கொள்கிறது, தீப்பொறி தேவையில்லை. பெட்ரோல் இன்ஜினில் இந்த அழுத்தம் சுமார் பத்து மடங்குதான். அதோடு, இந்த அளவுப் பிக்கப் டீசல்களில் பொதுவாகக் காற்றை அமுக்கித் திணிக்கும் டர்போ இருக்கிறது. பொலேரோ பிக்கப்பின் இரண்டரை லிட்டர் டீசல், நிமிடத்துக்கு 1,400 சுற்றிலேயே தன் முழு இழுவையான சுமார் 200 நியூட்டன் மீட்டரைக் கொடுத்துவிடும். கொண்டை ஊசி வளைவில் பாரத்தோடு நின்று கிளம்பும்போது நமக்குத் தேவைப்படும் சுற்று அதுதான்.

சிஎன்ஜியில் ஓடுவது பெரும்பாலும் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினே. கேஸ் உள்ளே வரும்போது காற்றுக்கான இடத்தையும் பிடித்துக்கொள்வதால், அதே இன்ஜின் பெட்ரோலில் கொடுப்பதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவாகவே இழுக்கும். மலையில் இன்னொரு இழப்பும் சேரும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜினுக்கு உள்ளே வரும் காற்று எவ்வளவு குறைகிறதோ, சக்தியும் அவ்வளவு குறையும். டர்போ அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும், காற்றை அமுக்கித் திணிப்பதுதான் அதன் வேலை. ஆக, நீங்கள் ஒரு டன் தீவனத்தோடு பெருமாள்மலை ஏறும்போது அப்படிப்பட்ட சிஎன்ஜி வண்டி கேஸாலும் உயரத்தாலும் இரண்டு முறை இழக்கிறது. ஓட்டுநர் இரண்டாம் கியருக்கும் முதல் கியருக்கும் இடையே அல்லாடுவார். கிளட்ச் பிளேட் ஆயுள் அங்கேதான் கரையும்.

இறங்கும்போது டீசல் தானாகவே வண்டியைப் பிடித்து நிறுத்தும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை ஆபத்தானது. பெட்ரோல் இன்ஜினில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் காற்று வழி மூடிக்கொள்ளும், அதனால் இன்ஜின் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். சாதாரண டீசலில் அந்த மூடல் இல்லை. புகை வழியை மூடி வண்டியைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் பொருத்தாத சிறிய பிக்கப்பில் இன்ஜினின் பிடிப்பு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஒன்றேகால் டன் கேரட்டோடு இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடியே வராமல், விட்டு விட்டு அழுத்துங்கள். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்களை இந்தச் சாலையில் இன்றும் பார்க்கிறேன். மன்றாடிக் கேட்கிறேன், அதை மட்டும் செய்யாதீர்கள்.

சரி, நண்பர்கள் சொன்ன ஃபில்டர். 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, டீசல் புகையில் இருக்கும் கரித்துகளைப் பிடிக்க சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்ற ஃபில்டர் வைக்கிறார்கள். பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு ஃபில்டருக்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடு தேவை. தோட்டத்துக்குத் தோட்டம் நின்று, ஐந்து நிமிடம் ஓடி, மறுபடி அணைத்துப் போடும் வண்டியில் அந்தச் சூடு வருவதே இல்லை. கரி சேர்ந்துகொண்டே போகும். டேஷ்போர்டில் விளக்கு எரியும். ஓட்டுநர் கண்டுகொள்ளாமல் இன்னும் நான்கு நாள் ஓட்டுவார். பிறகு இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். வண்டி ஊர்ந்துதான் சர்வீஸ் சென்டர் வரும். ஃபில்டரையே மாற்ற வேண்டிய நிலை வந்தால் செலவு கண்ணைக் கட்டும். நண்பர்கள் பார்த்தது இதைத்தான். டவுனுக்குள் தண்ணீர் கேன் போடும் வண்டி, மளிகை சப்ளை வண்டி ஆகியவற்றுக்கு இன்று நான் டீசலைச் சொல்வதே இல்லை.

உங்கள் வண்டி அப்படி ஓடப்போவதில்லை. வாரம் இரண்டு முறை பாரத்தோடு மலையேறும் இன்ஜினில் புகை நன்றாகச் சூடாகும். நான்கு நாள் தோட்ட ஓட்டத்தில் சேர்ந்த கரி பெருமளவு அந்த ஏற்றத்திலேயே எரிந்துவிடும். டீசலைக் கட்டாயமாக்கும் அதே மலைதான் டீசலின் பெரிய தொல்லையையும் தீர்க்கிறது. மழைக்காலத்தில் மண் சரிந்து மலைச்சாலை மூடி, இரண்டு மூன்று வாரம் சமவெளியிலேயே ஓட நேர்ந்தால் மட்டும் கவனம் வேண்டும். விளக்கு எரிந்ததும் பழனிச் சாலையில் ஒரு கியர் குறைத்து, 2,000 சுற்றுக்கு மேல் வைத்து, இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். கரியை எரிக்கும் இந்தச் சுத்திகரிப்பு நடுவில் இருக்கும்போது வண்டியை அணைக்காதீர்கள். அடிக்கடி நடுவில் அணைத்தால், சூடேற்றுவதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்து டீசல் வாடை வந்தால் உடனே ஆயிலை மாற்ற வேண்டும்.

டிபிஎஃப்பை உடைத்துக் காலி செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சட்டப்படி குற்றம், உத்தரவாதமும் போகும். அந்தக் கரியைத் தினமும் மூச்சில் இழுக்கப்போவது மூட்டை ஏற்றும் உங்கள் ஆட்கள்தான்.

சில டீசல் வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும்; எல்லா டீசல் பிக்கப்பும் அதைக் கேட்பதில்லை. நீங்கள் எடுக்கும் மாடலுக்கு டெஃப் எனப்படும் அந்தக் கரைசல் தேவையா என்று முன்கூட்டியே கேளுங்கள். தேவை என்றால் உர மூட்டை ஏற்றும் உங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றக் கூடாது. டெஃப் என்பது தூய யூரியா 32.5 சதவீதம், மீதி தாது நீக்கிய நீர். நம் வயல் யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கிறார்கள். அதுவும் கிணற்று நீரின் உப்பும் சேர்ந்தால் அந்த அமைப்பு முழுவதும் பாழாகும். டெஃப்பை மறந்தும் டீசல் டேங்க்கில் ஊற்றிவிடாதீர்கள். ஊற்றியது தெரிந்தால் சாவியையே திருகாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

உங்கள் தொழில் நாளை மாறி, மலையை விட்டுவிட்டு உள்ளூர் ஓட்டம் மட்டும் என்றானால் முடிவும் மாறும். அப்போது பெட்ரோல் டேங்க்கும் முழு அளவில் சேர்ந்த சிஎன்ஜி வண்டி நல்லது. டாடா இன்ட்ரா வி20 அந்த வகையில் 2022இல் வந்தது; ஒரு டன் வரை ஏற்றலாம். அதை எடுப்பவர்கள் சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தப் பரிசோதனை செய்து சான்று வைத்திருக்க வேண்டும். கேஸ் நிரப்பும்போது வண்டியில் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

வாங்கும் முன் காலி வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பின்னால் ஒரு டன் ஏற்றி, ஏற்றத்தில் நிறுத்திக் கிளம்பிப் பாருங்கள். வாடிக்கையாளர் உறுதியாகக் கேட்டால் பெரும்பாலான ஷோரூம்கள் ஏற்பாடு செய்யும். டெலிவரி எடுக்கும் நாளில் டிபிஎஃப் விளக்கு எது, அது எரிந்தால் அந்த மாடலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஓட்டுநரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கையேட்டில் சொன்ன, சாம்பல் குறைந்த வகை இன்ஜின் ஆயிலைத் தவிர வேறு ஊற்ற விடாதீர்கள். கரியை எரித்துவிடலாம், மலிவு ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, ஃபில்டரிலேயே தங்கிவிடும். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் பில்லில் அந்த ஆயிலின் தரக்குறியீட்டை எழுதச் சொல்லி வாங்கி வையுங்கள். உத்தரவாதக் காலத்தில் ஃபில்டர் கோளாறு என்று போனால் அவர்கள் முதலில் கேட்கப்போவது அந்த பில்லைத்தான்.