நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் நடுவில் நாலுவழிச்சாலையை ஒட்டி மனை வாங்கலாமா? தினமும் திருநெல்வேலிக்கு வேலைக்குப் போய்வர வசதிப்படுமா?

வேலைக்குப் போகிற உங்களுக்கு வசதிதான். வீட்டில் இருக்கிறவர்களுக்கு வசதியா என்பதைத்தான் நீங்கள் கேட்கவில்லை. காரை நீங்கள் எடுத்துக்கொண்டு போன பிறகு பாலுக்கும் ரேஷனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்கள் அந்தச் சாலையைக் குறுக்கே கடக்கணும். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை வருகிற 44ஆம் எண் சாலை, நம்ம ஆட்கள் வாயில் இன்னும் என்.எச். 7தான், நீளவாக்கில் போகிறவனுக்காகப் போட்டது. உடனே 'வளர்ச்சிக்கு எதிரி' என்று கிளம்பி வராதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் எவ்வளவு சீக்கிரம் போகிறது என்பது எனக்கும் தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல. ஊர் எந்தப் பக்கம், மனை எந்தப் பக்கம், நடுவில் சுரங்கப்பாதை எங்கே என்று பாருங்கள். சாலையின் நடுத்தடுப்பில், அதாவது சென்டர் மீடியனில், திறப்பு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால், எதிரே தெரிகிற டீக்கடைக்குப் போக மூன்று கிலோமீட்டர் வண்டி ஓட்டணும். ஒரு வாரம் ஓட்டுவார்கள். எட்டாம் நாள் 'ஓரமாத்தாம்லா வாரேன்' என்று எதிர்த்திசையில் வர ஆரம்பித்துவிடுவார்கள். சர்வீஸ் ரோடு இல்லாத இடத்தில் நடக்கிற விபத்துகளில் இது ஒரு வழக்கமான ரகம்.

நடந்து கடப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பக்கத்துத் தார் ஏழு மீட்டர், ஓரத்தோடு சேர்த்து எட்டரை. வயசான அம்மாவுக்கு எட்டு, ஒன்பது நொடி ஆகும். 100 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது சட்டம் அனுமதித்த வேகத்திலேயே, வருகிற கார் அதற்குள் 240 மீட்டர் வந்துவிடும். கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே 2, 4, 6, 8 என்று எழுதிய சின்னக் கல்கள் 200 மீட்டருக்கு ஒன்றாக நட்டிருக்கும். நிற்கிற இடத்திலிருந்து இரண்டு கல் தூரத்துக்குள் கார் வந்துவிட்டால் காலை எடுத்து வைக்கக் கூடாது.

மீடியனில் அரளி வைத்ததற்குக் காரணம் உண்டு. தண்ணீர் அதிகம் கேட்காது, ஆடு கடிக்காது, எதிர் வண்டி லைட்டை மறைக்கும். திறப்பில் காத்து நிற்கிற டிவிஎஸ் எக்ஸ்எல்லையும் அது மறைத்துவிடும் என்பதுதான் சிக்கல். வெட்டிவிடாத அரளி ஆள் உயரத்துக்கு மேலே போகும். பழைய ரோட்டுப் புளியமரங்கள் வெயிலுக்கு நிழலாவது கொடுத்தன. ஊருக்குப் பிரிகிற விலக்கில் பஸ்ஸுக்கு நிற்கிறவன் இன்றைக்கு யார் நிழலில் நிற்பான்?

பஸ் கதையும் இதில்தான் வருகிறது. நாகர்கோவில் 'என்ட் டூ என்ட்' வண்டிகள் நடுவில் நிற்காது. மற்றதில் ஏறினாலும் 'ஊருக்குள்ள போகாது, பைபாஸ்லதான் இறக்குவோம்' என்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒரு பொம்பளப் பிள்ளையை இருட்டில் இறக்கிவிட்டுப் போவதற்கு 'நேர மிச்சம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரண டவுன் பஸ் ஊருக்குள், பழைய ரோட்டில்தான் ஓடும். உங்கள் மனையிலிருந்து அந்த நிறுத்தத்துக்கு எத்தனை நிமிடம் என்று நடந்து பாருங்கள்.

மனையை ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பார்ப்பதுதான் நல்லது. கோடையில் போவதாக இருந்தால் சுரங்கப்பாதைச் சுவரில் சேற்றுக் கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். முழங்காலுக்கு மேலே இருந்தால் மழைக்காலத்தில் பைக் சைலன்சருக்குள் தண்ணீர் போகும். இது குளத்துப் பாசன பூமி. மேட்டிலிருந்து குளத்துக்கு இறங்குகிற ஓடைகளைச் சாலைக்கரை குறுக்கே மறிக்கிறது, தண்ணீர் சின்னப் பாலங்கள் வழியாகத்தான் போகணும். பாலத்தின் வாய் மண்ணும் கருவேலமும் அடைத்துக் கிடந்தால் மேல்பக்கத்து மனையில் தண்ணீர் தேங்கும். கீழ்ப்பக்கத்துக் குளம் நிறையாது. நிலத்தின் எல்லையைக் காட்டுகிற புலப்படத்தையும், அது பட்டா நிலமா புறம்போக்கா என்று சொல்கிற 'அ' பதிவேட்டையும் வாங்கி, ஓடைப் புறம்போக்கு மனைக்குள் வருகிறதா என்று சரிபாருங்கள்.

'ரோட்டு மேலேயே மனை' என்பதில் மயங்க வேண்டாம். ஊருக்கு வெளியே சாலையின் நடுக்கோட்டிலிருந்து 40 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்பது, சாலைகளுக்கு அளவு வகுக்கிற இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் அளவு. மனைக்காரர் வெட்டிவிட்ட வழிக்கு நெடுஞ்சாலை ஆணைய அனுமதி இல்லையென்றால் என்றைக்கு வேண்டுமானாலும் அடைப்பார்கள். அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். 'அதெல்லாம் பாத்துக்கலாம் சார்' என்று பதில் வந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வேலைக்குப் போகிற வழியில் டோல்கேட் வந்தால், 2025இல் 3000 ரூபாய்க்கு வந்த வருடாந்திர ஃபாஸ்டேக் பாஸை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அது 200 தடவைக்குத்தான், போக ஒன்று, வர ஒன்று என்று 100 நாளில் தீர்ந்துவிடும். டோலுக்கு 20 கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் சொந்தக் காருக்கு உள்ளூர் மாதப் பாஸ் உண்டு. 2025-26இல் அது மாதம் 350 ரூபாயாக இருந்தது. எத்தனை தடவையும் போகலாம், ஆனால் அந்த ஒரு டோலில் மட்டும்தான் செல்லும். இதில் மாட்டுவது சென்னை மாதிரி வெளியூரில் பதிவு செய்த வண்டிகள். ஆர்.சி. புத்தகத்தில் சென்னை முகவரி இருந்தால் கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீடு குடிவந்ததும் ஆதாரிலும் ஆர்.சி.யிலும் முகவரியை மாற்றிவிட்டு அப்புறம் போங்கள்.