எம்பிராய்டரி போட்டால் இடது மணிக்கட்டு வலிக்கிறது, நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம், வலி அடங்கும்வரை நேரத்தை மட்டும் குறையுங்கள். இரவில் தையல் போட்டால்தான் மனம் அமைதியாகித் தூக்கம் வருகிறது என்கிறீர்களே, அதை இழக்கக் கூடாது.

வலி இடது கையில் என்பதால் ஊசியைவிட, அந்தக் கையால் பிடிக்கும், துணியை இழுத்து மாட்டும் வளையத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். கட்டைவிரலால் அதை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தால் அங்குள்ள தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைப்பவை) உரசி வீங்கலாம். வளையத்தை மேசை விளிம்பில் சாய்த்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை விரல்களை விரித்து நீட்டுங்கள்.

கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரலின் அடியில் சுரீரென்றால் பெரும்பாலும் அந்தத் தசைநாண் வீக்கமே காரணம்.

இரவில் விரல்கள் மரத்துப்போனால் நரம்பு அழுத்தமாக இருக்கலாம். அப்போது மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.