கணவாய்க் கண்ணும் நம் கண்ணும்

கேள்வி: கணவாய்க்கும் நம்மைப் போலவே வில்லை, கதிராளி (கண்மணியைச் சுற்றிய நிற வளையம்), விழித்திரை எல்லாம் இருக்கின்றன. இரண்டு கண்ணும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவையா? வீட்டில் வெட்டிப் பார்க்கலாமா?
– உயர்தர உயிரியல் மாணவி, வெள்ளவத்தை

பதில்: இல்லை, இது ஒருங்கு கூர்ப்பு, அதாவது தனித்தனி வழியில் பரிணமித்தவை ஒரேமாதிரி வடிவத்தை அடைவது. முளையத்தைப் பார்த்தால் சந்தேகமே வராது. நமது விழித்திரை மூளையிலிருந்து புடைத்து வளர்வது. கணவாயினுடையது வெளித்தோற்படை (முளையத்தின் வெளிப்புறக் கலப்படை) உள்மடிந்து உருவாவது. அதனால்தான் நம் கண்ணில் நரம்பிழைகள் ஒளிவாங்கிக் கலங்களுக்கு முன்னால் ஓடி, ஓரிடத்தில் விழித்திரையைத் துளைத்து வெளியேறுகின்றன, அதுவே குருட்டிடம். கணவாயில் இழைகள் பின்பக்கமாகவே போவதால் குருட்டிடம் கிடையாது.

ஆனாலும் முழுக்கத் தனித்தனி என்று எழுதிவிடாதீர்கள். பாக்ஸ்-6 என்ற பரம்பரையலகு இரண்டிலும் கண் விருத்தியில் பங்கெடுக்கிறது. 1995இல் சுவிஸ் உயிரியலாளர் வோல்டர் கெரிங்கின் குழு எலியின் பாக்ஸ்-6ஐப் பழ ஈயில் இயக்கியபோது, காலில் கண் முளைத்தது. எலிக்கண் அல்ல, ஈயின் கூட்டுக்கண்! கட்டளை பழையது, கட்டுமானம் அவரவருடையது.

வெட்ட, அன்று பிடித்த கணவாயாக வாங்குங்கள். ஐஸில் உறைந்ததில் வில்லை வெண்மையாகிவிடக்கூடும். கண்ணை மூடிய மெல்லிய தோலைச் சிறு கத்தரிக்கோலால் நீக்கி, விளிம்பைச் சுற்றி வெட்டுங்கள். அழுத்தினால் விழித்திரையின் கருநிறமி கரைந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். கெட்டியான உருண்டை வில்லை கையில் வரும். அது ஒரே துண்டல்ல, சிறிய முன்பாதியும் பெரிய பின்பாதியும் ஒட்டியது. நகத்தால் மெல்லப் பிரிக்கலாம்.