200 வாட் பெட்டியில் 4060 ஓடுமா?

கேள்வி: அண்ணே, எங்கள் அலுவலகத்தில் பழைய கணினிகளைக் கழித்தபோது மெல்லிய டெல் பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். ஐ5-8500 ப்ராசஸர், 16 ஜிபி ரேம். மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் அனிமேஷன் படிக்கிறான், பிளெண்டர் என்ற 3டி மென்பொருளுக்கு ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்கிறான். செகண்ட் ஹேண்டில் ஒன்று வந்திருக்கிறது, சனிக்கிழமை போய் எடுத்துவிடலாமா? பவர் சப்ளையில் 200 வாட் என்று போட்டிருக்கிறது.
– வாசகர், ஈசூன்

பதில்: வேண்டாம், போகாதீர்கள். கார்டில் குறை ஒன்றும் இல்லை, உங்கள் பெட்டிக்குத்தான் அது ஆகாது.

4060 மட்டும் 115 வாட் வரை இழுக்கும். உங்கள் ப்ராசஸர் 65 வாட் ரகம், வேகம் பிடிக்கும்போது அதையும் தாண்டும். இரண்டுக்குமே 180 போய்விட்டால் மதர்போர்டு, ரேம், டிஸ்க், காற்றாடி எல்லாம் மிச்சம் 20 வாட்டில் ஓட வேண்டும். என்விடியா இந்தக் கார்டுக்கு 550 வாட் பவர் சப்ளை கேட்கிறது. அது கொஞ்சம் தாராளமாகச் சொன்ன கணக்கு, தரமான 450 இருந்தாலே சமாளிக்கும் என்பது என் கருத்து, ஆனால் 200 நடக்கவே நடக்காது.

வாட் இருந்தாலும் ஒயர் இருக்காது. கார்டு உட்காரும் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும், அதற்கு மேல் வேண்டுமானால் பவர் சப்ளையிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். 6 பின் என்றால் 75, 8 பின் என்றால் 150. பெரும்பாலான 4060-க்கு 8 பின் வேண்டும், உங்கள் மாதிரி அலுவலகப் பெட்டிகளில் பொதுவாக அது கிடையாது. யாராவது டிஸ்குக்குப் பவர் கொடுக்கும் சாட்டா பிளக்கை 8 பின்னாக மாற்றும் ஒயரை நீட்டினால் தயவுசெய்து வாங்காதீர்கள். சாட்டா பிளக் 54 வாட் தாங்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் இழுத்தால் சூடேறி உருகும், வீட்டில் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் ரெண்டர், அதாவது அனிமேஷனைப் படங்களாக உருவாக்கும் வேலை, ஓடிக்கொண்டிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். ப்ராசஸருக்குப் போகிற 8 பின் ஒயரும் பார்க்க இதே மாதிரி இருக்கும், ஆனால் அதில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும், அதை அழுத்திச் செருகவே கூடாது.

சரி, பவர் சப்ளையையே மாற்றிவிடலாமே என்றால், இந்த மெல்லிய பெட்டிகளில் அதன் வடிவமும் வேறு, மதர்போர்டுக்குப் போகும் பிளக்கும் வழக்கமான 24 பின் இல்லை. சிம் லிம் ஸ்குவேரில் தேடி எடுக்கிற சாதாரண பவர் சப்ளை இதில் பொருந்தாது.

இந்தப் பெட்டியையே வைத்துக்கொள்வதானால் ஆர்டிஎக்ஸ் 3050 பாருங்கள், அதுவும் 6 ஜிபி மெமரி உள்ளது மட்டும். 8 ஜிபி 3050-உம் இருக்கிறது, பேர் ஒன்றுதான், ஆனால் அது 130 வாட் வரை போகும். 6 ஜிபி 70 வாட்டில் அடங்கிவிடும், தனி ஒயர் வேண்டாத மாடல்கள் கிடைக்கும். அப்புறம் அளவு: பின்பக்கத் தகடு சுமார் 12 செ.மீ. இருந்தால் முழு உயரக் கார்டு, உங்கள் பெட்டிக்கு சுமார் 8 செ.மீ. தகடு உள்ள லோ ப்ரொஃபைல்தான் நுழையும். பக்கத்தில் இரண்டு ஸ்லாட் தடிமனுக்கு இடம் இருக்கிறதா, நீளத்தில் எதுவும் இடிக்கிறதா என்று மூடியைத் திறந்து டேப் வைத்து அளந்துவிடுங்கள். சில அலுவலகப் பெட்டிகளில் ஸ்லாட்டின் வரம்பே 75-க்குக் கீழே இருக்கும், அந்த மாடலின் கையேட்டில் பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

தம்பிக்கு இன்னும் இரண்டு மூன்று வருடப் படிப்பு இருக்கிறதென்றால், நானாக இருந்தால் இந்தப் பெட்டியில் காசு போடாமல் முழு அளவு டவர் ஒன்றைத் தேடுவேன். 4060-ஐ அதில் போடட்டும்.

கேள்வி: என் மதர்போர்டில் கார்டு ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 ரகம். 4060 வேலை செய்யுமா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: செய்யும். ஆனால் அந்தக் கார்டு ஸ்லாட்டில் டேட்டா போகும் 16 லேனில் 8-ஐத்தான் பயன்படுத்துகிறது, 4.0-ஐ விட 3.0-வில் அதன் பாதை இன்னும் குறுகும். பல விளையாட்டுகளில் பெரிதாகத் தெரியாது. கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பி வழியும்போது தெரியும். இன்டெலின் ஆர்க் கார்டு வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் திரை) ரீசைசபிள் பார், அதாவது கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே நேரத்தில் எட்ட விடும் வசதி, இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அது இல்லாமல் ஆர்க் மிகவும் தடுமாறும்.