நடுவர் தீர்ப்பு கைக்கு வந்த தேதி என்ன?

நகராட்சிக் கவுன்சிலர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இது: "எங்கள் ஊர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் கடைமடை. பங்குத்தொகை கட்டியும் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். குடிநீர் வடிகால் வாரியம் முழு பில் அனுப்புகிறது. இப்போது விரிவாக்கத்துக்கும் பங்கு கேட்கிறார்கள், மன்றமும் ஏற்றுத் தீர்மானம் போட்டது, அதற்கான ரூ.2 கோடி வங்கியில் இருக்கிறது. கட்ட மறுத்து வழக்குப் போடலாமா? இதற்கிடையில், ஊருக்குள் குழாய் பதித்த ஒப்பந்ததாரரின் கடைசி பில்லை நிறுத்தியிருந்தோம். அவர் நடுவரிடம் (நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் ஆர்பிட்ரேட்டர்) போய் ரூ.1.38 கோடியும் 12 சதவீத வட்டியும் வாங்கிவிட்டார். அந்தத் தீர்ப்பு ஜனவரி 7 அன்று ஆணையருக்கு வந்தது. ஏப்ரல் 10 மன்றக் கூட்டத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்யப்போகிறோம்."

கவுன்சிலர் அவர்களே, ஐந்து நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இன்றைக்கு உங்கள் ஊருக்கு இருக்கும் சட்டப் பிரச்சினை வாரியம் இல்லை. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஜனவரி 7, அதுதான்.

நடுவர் தீர்ப்பை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கு, 1996-ம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின் 34-வது பிரிவு தரும் காலம் மூன்று மாதம். ஏப்ரல் 7-ல் அது முடிகிறது. உங்கள் கூட்டம் ஏப்ரல் 10. தகுந்த காரணம் காட்டினால் நீதிமன்றம் இன்னும் 30 நாள் தரலாம். அதற்குமேல் ஒரு நாள்கூடத் தர அதற்கே அதிகாரம் இல்லை. "அப்புறம் தாமத மன்னிப்பு மனு போட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மற்ற வழக்குகளில் கைகொடுக்கும் காலவரையறைச் சட்டத்தின் 5-வது பிரிவு இங்கே செல்லாது.

அந்த 30 நாள் மே 7-ல் முடியும். மே மாதம் மாவட்ட சிவில் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. ஜூனில் திறந்ததும் போடலாம் என்று தோன்றும். அசாமில் தேஜ்பூர் நகரக் குடிநீர்த் திட்டத்தில் இதேதான் நடந்தது. அங்குள்ள குடிநீர் வாரியத்துக்குத் தீர்ப்பு கிடைத்தது 2003 ஆகஸ்ட் 26. நீட்டிப்பு நாட்கள் முடிந்தபோது குளிர்கால விடுமுறை. நீதிமன்றம் திறந்த 2004 ஜனவரி 2 அன்றே மனு போட்டார்கள். விடுமுறை முடிந்து திறக்கும் நாளில் போடலாம் என்ற சலுகை, மூன்று மாதக் கெடு விடுமுறையில் முடிந்தால்தான், கூடுதல் 30 நாளுக்கு இல்லை என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு சரியா தவறா என்ற கேள்விக்கே அவர்களால் போக முடியவில்லை.

நான் பார்த்த உள்ளாட்சிக் கோப்புகளில் தோற்றவை பெரும்பாலும் இப்படித் தோற்றவைதான். ஒரு கோப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. தீர்ப்பின் மூலையில் ஊதா நிறத் தபால் முத்திரை. மேலே பொறியாளர் பிரிவின் "பார்வைக்கு", கணக்குப் பிரிவின் "பேசவும்", பிறகு அஜெண்டாவில் ஒத்திவைப்பு. என் மேஜைக்கு வந்தபோது 131-வது நாள். வாதாட நல்ல விஷயம் இருந்தும் அந்த ஊருக்கு நான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தபால் பிரிவு வாங்கியதை வைத்து நாள் எண்ணக் கூடாது என்று தெற்கு ரயில்வே 2005-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது உண்மை. அது பெரிய துறை. ஆணையர் பெயருக்கே வந்த உறையை வைத்துக்கொண்டு நீங்கள் அந்த வாதத்தை நம்பி இறங்க வேண்டாம்.

மன்றத் தீர்மானத்துக்காகவும் காத்திருக்காதீர்கள். நாளைக்கே தலைவரையும் ஆணையரையும் பாருங்கள். தலைவரின் முன் அனுமதியோடு மனுவைத் தாக்கல் செய்து, ஏப்ரல் 10-ல் மன்றத்தின் பின்னேற்பு (செய்து முடித்ததற்குப் பிறகு தரும் ஒப்புதல்) வாங்கிக்கொள்ளலாம்.

மனு போட்டாலே தீர்ப்பை நிறைவேற்றத் தடை வந்துவிடும் என்பது 2015 திருத்தத்துக்கு முந்தைய கதை. இப்போது தடைக்குத் தனியாகக் கேட்க வேண்டும், பணம் கட்டச் சொல்வார்கள். அரசு என்பதற்காகத் தனிச்சலுகை இல்லை என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நகராட்சிக்கு மட்டும் எப்படிக் கிடைக்கும்? தடை இல்லையென்றால் ஒப்பந்ததாரர் தீர்ப்புப் பணத்தை வசூலிக்க நிறைவேற்று மனு போட்டு வங்கிக் கணக்கை ஜப்தி செய்யக் கேட்பார். முதலில் அவர் கண்ணில் படுவது அந்த ரூ.2 கோடிதான். அது விரிவாக்கத்துக்கான பங்கு என்று நீங்கள் சொன்னால், கணக்கு யார் பெயரில் என்று நீதிமன்றம் கேட்கும். அந்தப் பணம் முடங்கினால் உங்கள் ஊரோடு நிற்காது, திட்டத்தில் சேர்ந்த மற்ற ஊர்களின் வேலையும் இழுபடும்.

சரி, மனுவில் ஜெயிப்பீர்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. "தண்ணீரே வரவில்லை, குழாய்க்கு எதற்குப் பணம்" என்பது உங்கள் வாதம். அவர் ஒப்புக்கொண்டது குழாய் பதிக்க. தண்ணீர் விடுவது வாரியத்தின் வேலை. பதித்த நீளம் உங்கள் பொறியாளர் கையெழுத்தோடு அளவுப் புத்தகத்தில் இருக்கும். சாட்சியங்களை நீதிமன்றம் மறுபடி எடைபோடாது. வட்டி மட்டும் நாளொன்றுக்கு ரூ.4,500-க்கு மேல் ஏறுகிறது. ஆகவே மனுவைப் போட்டுவிட்டு ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அசலை ஒரே தவணையில் தருகிறோம், வட்டியைக் குறைத்துக்கொள் என்று கேளுங்கள். வழக்கு இழுக்குமே என்ற பயம் அவருக்கும் உண்டு. மனு நிலுவையில் இருக்கும்வரைதான் அந்தப் பேச்சுக்கு வலு.

வாரியம்: பங்கை ஏற்று மன்றமே தீர்மானம் போட்டிருக்கும்போது கட்டாமல் நிறுத்தாதீர்கள். பாக்கி வைத்தால் உங்களுக்கு வரவேண்டிய அரசு மானியத்தில் பிடித்தம் செய்யும் வழி இருக்கிறது. உங்கள் சம்ப்பில் உள்ள மீட்டர் அளவைத் தினமும் எழுதிவையுங்கள். வாரியப் பொறியாளரோடு கூட்டு ஆய்வு செய்து அவர் கையெழுத்தை வாங்குங்கள். மூன்று மாதப் பதிவேடு சேர்ந்ததும் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு பற்றிப் பேசலாம். ஏப்ரல் 7-க்கு முன் அந்தப் பேச்சே வேண்டாம்.