ஒன்பதாம் வகுப்பில் புதுப் பள்ளி: என்.சி.சி.யா, கோ-கோவா?

கேள்வி: எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் எட்டாவது முடித்த என் மகள், இப்போது டவுனில் உள்ள அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது சேர்ந்திருக்கிறாள். தெரிந்த பிள்ளை ஒருத்தியும் இல்லை. பழைய பள்ளியில் கோ-கோ ஆடுவாள். இங்கே என்.சி.சி.யில் (தேசிய மாணவர் படை) சேரச் சொல்கிறார்களாம். அடுத்த வருஷம் பொதுத்தேர்வு. இதெல்லாம் தேவையா?

பதில்: தேவைதான். அதுவும் முதல் மாதத்திலேயே ஏதாவது ஒன்றில் சேர்த்துவிடுங்கள். சான்றிதழுக்காகச் சொல்லவில்லை, துணைக்காகச் சொல்கிறேன்.

ஆறாவதிலிருந்து ஒன்றாகவே படித்து வருகிற பிள்ளைகள் நடுவே புதிதாக வந்து உட்காரும் பெண்ணுக்கு, வகுப்பில் பேச்சுத் துணை கிடைக்க நாளாகும். மைதானத்தில் அப்படி இல்லை. கோ-கோவில் துரத்தும் அணியில் எட்டுப் பேர் ஆளுக்கொரு பக்கம் மாறி மாறிப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் வருகிறவள் முதுகைத் தொட்டு 'கோ' சொன்ன நொடியே எழுந்து பாய வேண்டும். இதை ஆடிக்கொண்டே பக்கத்தில் இருப்பவளிடம் பேசாமல் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது. பத்தாவது, பதினொன்றாவது அக்காக்களும் அங்கேதான் பழக்கமாவார்கள். எந்த டீச்சர் எதற்குக் கோபப்படுவார், எந்தப் பாடத்துக்கு யாரிடம் சந்தேகம் கேட்கலாம் என்பதெல்லாம் அவர்கள் வாயிலாகத்தான் வரும்.

என்.சி.சி. நல்ல பயிற்சி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளி அளவில் அது இரண்டு ஆண்டுப் பயிற்சி. பரேடுக்கு 75 சதவீத வருகை வேண்டும், முகாமுக்குப் போக வேண்டும், அதன் பிறகுதான் 'ஏ' சான்றிதழ் தேர்வு. இப்போது சேர்ந்தால் இரண்டாம் ஆண்டு பத்தாவதோடு வந்து விழும். ராணுவ அதிகாரி வேலைக்கான சிறப்பு நுழைவில் எண்ணப்படுவது கல்லூரியில் வாங்கும் 'சி' சான்றிதழ். பள்ளியில் சேராதவர்களும் கல்லூரியில் சேரலாம். அதனால் இப்போது விட்டால் வாய்ப்பே போய்விடும் என்று பயப்பட வேண்டாம். அவளுக்கே சீருடையிலும் அணிவகுப்பிலும் ஆசை இருந்தால் மட்டும் சேருங்கள்.

என் தேர்வு கோ-கோதான், ஏனென்றால் அது அவளுக்குத் தெரிந்த ஆட்டம். புது இடத்தில் 'எனக்கு இது வரும்' என்று சொல்ல ஒன்று கையில் இருப்பது பெரிய தைரியம். 17 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள் உண்டு. கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடும் உண்டு. ஆனால் அந்த இடங்களுக்குக் கடும் போட்டி, அதை மனதில் வைத்து அவளை விரட்டாதீர்கள். ஆட்டம் சரிவரவில்லையா, ஜே.ஆர்.சி. (ஜூனியர் ரெட் கிராஸ்) இருக்கிறது, கலைத் திருவிழா இருக்கிறது. இரண்டு மூன்றில் பெயர் கொடுத்துவிட்டு எதிலும் நிற்காமல் போவதைவிட ஒன்று போதும். பத்தாவதில் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாம், அடியோடு நிறுத்த வேண்டியதில்லை.

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு. பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், அதற்குப் பிறகு உங்கள் ஊருக்கு எத்தனை மணிக்குப் பஸ், வெளியூர்ப் போட்டிக்கு எந்த டீச்சர் கூடப் போவார் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மாதவிடாய் நாட்களில் முடியாவிட்டால் உட்கார்ந்துகொள்ளலாமா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். மதியச் சாப்பாட்டோடு மைதானத்தில் ஓடினால் நாலரை மணிக்குப் பசி வந்துவிடும். ஒரு டப்பாவில் சுண்டலோ கடலை உருண்டையோ கொடுத்தனுப்புங்கள், பக்கத்தில் இருப்பவளுக்கும் சேர்த்து.

பி.இ.டி. (உடற்கல்வி) டீச்சரைப் பார்க்கப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். பஸ் விஷயத்தை நீங்கள் பேசுங்கள். தனக்குத் துரத்துவது நன்றாக வருமா, பிடிபடாமல் ஓடுவதா என்பதை அவளே சொல்லட்டும்.