ஒன்றரை வயது வரை காப்பகத்தில் வளர்ந்த குழந்தையைத் தத்தெடுத்தால், காப்பக வாழ்க்கையால் ஏற்பட்ட பாதிப்பு மாறுமா?

பெரும்பகுதி மாறும். ஆனால் எல்லாத் திறனும் ஒரே வேகத்தில் மீளாது.

இதற்கு வலுவான சான்று ருமேனியாவில் கிடைத்தது. 1966இல் சௌசெஸ்கு அரசு கருக்கலைப்பைத் தடை செய்தது. வளர்க்க முடியாத குழந்தைகள் அரசு விடுதிகளில் சேர்ந்தார்கள். 1989இல் அந்த ஆட்சி கவிழ்ந்தபோது அரசு விடுதிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். ஒரே ஆயாவிடம் பத்துப் பதினைந்து பேர். அந்த ஆயாவும் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறுவார். அழுதும் யாரும் வராத தொட்டிலில் குழந்தை அழுவதையே விட்டுவிடும்.

அமெரிக்க ஆய்வாளர் சார்ல்ஸ் நெல்சனின் குழு, ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் விடுதிகளில் இருந்த 6 முதல் 31 மாதம் வரையான 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பியது. நாலரை வயதில் சராசரி ஐக்யூ: விடுதிக் குழுவுக்கு 73, குடும்பக் குழுவுக்கு 81, பிறந்ததிலிருந்தே பெற்றோரிடம் வளர்ந்தவர்களுக்கு 109. சீக்கிரம் போனவர்கள் அதிகம் தேறினார்கள். குடும்பத்துக்குப் போகும் வயதில், பேச்சுக்கு ஏறக்குறைய 15 மாதம், பாசப் பிணைப்புக்கு 24 மாதம் முக்கியமான எல்லைகளாகத் தெரிந்தன. பிடிவாதமாக நின்றது கவனக்குறைவுதான். அதே சமயம், இங்கிலாந்தில் தத்தெடுக்கப்பட்ட ருமேனியக் குழந்தைகளில் அறிவுத்திறனில் பின்தங்கியிருந்த பலர், பெரியவர்களானபோது மற்றவர்களை எட்டிப் பிடித்தார்கள். அதனால் ஒன்றரை வயதில் எதுவும் முடிந்துவிடவில்லை.

வீட்டுக்கு வந்த முதல் சில மாதங்கள் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் ஒருவர் அல்லது இருவர் கையிலேயே இருக்கட்டும். சொந்தபந்தம் ஆளாளுக்குத் தூக்க வேண்டாம். "யார் கூப்பிட்டாலும் சிரிச்சுக்கிட்டே போகுது, தங்கமான பிள்ளை" என்பார்கள். விடுதியில் வளர்ந்த குழந்தைக்கு அது நல்ல குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தனக்கென்று ஒருவர் இன்னும் அமையவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம்.

பேச்சு தாமதமானால் சூழலைக் குறை சொல்வதற்கு முன் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள்; ரத்தசோகை இருக்கிறதா என்று ஹீமோகுளோபினும் பாருங்கள்.

குழந்தை விரலை நீட்டினால் நீங்களும் அந்தப் பக்கம் பார்த்து "காக்கா!" என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அது திரும்ப ஒரு சத்தம் போடும். அதற்கும் பதில் சொல்லுங்கள். பலர் தவறுவது அந்தக் காத்திருப்பில்தான். இடைவிடாமல் நாமே பேசினாலோ, செல்போனில் பாட்டுப் போட்டுக் கொடுத்தாலோ குழந்தையின் முறை வருவதே இல்லை.

பிளே ஸ்கூலை அவசரப்படுத்தாதீர்கள். ஒன்றாம் வகுப்பில் ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவித்தால் அதைச் சேட்டை என்று அடிக்க விடாமல், குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.